பழைய ஜாதக சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆக மறுக்கிறது: எர்ரர் 123, நடுவில் ஐந்து கேள்விக்குறி

பழைய_பஞ்சாங்கம்

வணக்கம். மூன்று நாளாக ஒரு சிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், இனி என்னால் ஆகாது என்று இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தபால் ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தொழில் ஜோதிடன் இல்லை, சொந்தக்காரர்களுக்கும் தெருவில் கேட்பவர்களுக்கும் ஜாதகம் கணித்து பிரின்ட் போட்டுக் கொடுப்பேன், காசு வாங்குவதில்லை. 2007 இல் வாங்கிய ஜாதக சாஃப்ட்வேர் சிடியில் இருக்கிறது. பழைய டெஸ்க்டாப்பில் முதலில் எக்ஸ்பியில் ஓடியது, அப்புறம் விண்டோஸ் 7 போட்டபோதும் முணுமுணுக்காமல் ஓடியது. போன வருஷக் கடைசியில் அந்த டெஸ்க்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. பொங்கலுக்கு வந்த பையன் தான் வைத்திருந்த பழைய லேப்டாப்பைத் துடைத்து, விண்டோஸ் 10 ஹோம் 64 பிட் புதிதாகப் போட்டு, தமிழ் கீபோர்டும் வைத்துக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டான்.

லேப்டாப்பில் சிடி டிரைவ் கிடையாது. எதிர்வீட்டில் போய் சிடி முழுவதையும் பென்டிரைவில் காப்பி செய்துகொண்டு வந்தேன். செட்டப்பை டபுள் கிளிக் செய்தால் அனுமதி கேட்கிறது, யெஸ் கொடுக்கிறேன், ஒரு நீலப் பட்டை கால்வாசி வரை ஓடுகிறது, உடனே ஒரு பெட்டி வந்து நிற்கிறது. அதில் இருப்பதை எழுத்துக்கூட்டி அப்படியே எழுதுகிறேன்:

"சி:\யூசர்ஸ்\?????\ஆப்டேட்டா\லோக்கல்\டெம்ப்", அதற்குக் கீழே "எர்ரர் 123: த ஃபைல்நேம், டைரக்டரி நேம், ஆர் வால்யூம் லேபிள் சின்டாக்ஸ் இஸ் இன்கரெக்ட்."

ஓகே கொடுத்தால் எல்லாம் மூடிக்கொள்கிறது.

வால்யூம் லேபிள் என்று இருந்ததால் பென்டிரைவின் பெயரில்தான் கோளாறு என்று நினைத்து பெயரை மாற்றினேன். ஃபார்மட் செய்து மறுபடி எதிர்வீட்டுக்குப் போய் காப்பி செய்தேன், அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. டெஸ்க்டாப்பில் போட்டு ஓட்டினேன், டி டிரைவில் போட்டு ஓட்டினேன். ரைட் கிளிக் செய்து ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். எக்ஸ்பி மாதிரி நடி என்று கம்பாட்டிபிலிட்டியில் வைத்தும் பார்த்தேன். எதிலும் அதே ஐந்து கேள்விக்குறி, அதே 123.

கடையில் கொண்டுபோய்க் காட்டினால் "சாஃப்ட்வேர் பழசு சார், டென்ல வராது, வேணும்னா ஃபார்மட் அடிச்சுப் பார்க்கலாம், எண்ணூறு ரூபாய் ஆகும்" என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஏனென்றால் பிரவுசர், பிடிஎஃப் ரீடர், லிப்ரேஆபீஸ் எல்லாம் பையன் போன பிறகு நானேதான் இன்ஸ்டால் செய்தேன், ஒன்றும் சண்டை போடவில்லை.

பழைய ஹார்ட் டிஸ்கில் 400 ஜாதகத்துக்கு மேல் இருக்கிறது. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த சாஃப்ட்வேர் இல்லாமல் அந்த ஃபைல்களைத் திறக்க முடியாது. அதனால்தான் இந்தப் பாடு.

ஓடும்பிள்ளை

சார், ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், முக்கால்வாசி அதுதான் காரணமாக இருக்கும். அப்படியும் வரவில்லை என்றால் டாட்நெட் 3.5, விசுவல் சி பிளஸ் பிளஸ் எல்லா வருஷத்துப் பதிப்பும் போட்டுவிடுங்கள். விண்டோஸ் தன் செட்டிங்ஸை எல்லாம் வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்ய, நெட்டில் ரெஜிஸ்ட்ரி கிளீனர் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு தடவை ஓட்டினால் எல்லாம் சுத்தமாகிவிடும்.

ராத்திரி_ஷிப்ட்

ரெஜிஸ்ட்ரி கிளீனர் மட்டும் தயவுசெய்து வேண்டாம். அந்த மாதிரிக் கருவிகளை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. எதை அழிக்கிறது என்று நமக்கும் தெரியாது, பாதி நேரம் அதற்கே தெரியாது. டாட்நெட் இல்லை என்றால் டாட்நெட் இல்லை என்றுதான் சொல்லும், இப்படி ஒரு பாதையைக் காட்டி முட்டிக்கொண்டு நிற்காது.

பெரியவர் எர்ரரை முழுசாக எழுதியிருக்கிறார், இந்தக் குழுவில் அதுவே அபூர்வம். விடை அந்த வரியிலேயே இருக்கிற மாதிரித் தெரிகிறது, ஆனால் இது என் ஏரியா இல்லை, எழுத்துரு வந்தால் சொல்வார்.

எழுத்துரு

ஐயா, ஒரே ஒரு கேள்வி. லேப்டாப்பைத் திறந்ததும் வரும் திரையில் உங்கள் பெயர் தமிழில் இருக்கிறதா? இருந்தால் அது என்ன?

பழைய_பஞ்சாங்கம்

ஆமாம் தம்பி. "அப்பா" என்று இருக்கிறது. பையன் வைத்தது. திறக்கும்போதெல்லாம் அந்தப் பெயரைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோஷம். அதற்கும் ஜாதக சிடிக்கும் என்ன சம்பந்தம்?

எழுத்துரு

அதுதான் விஷயமே. கடைக்காரரிடம் எண்ணூறு ரூபாய் கொடுக்காதது நல்லதாகப் போயிற்று, ஃபார்மட் அடித்து மறுபடி "அப்பா" என்றே பெயர் வைத்திருந்தால் இதே ஐந்து கேள்விக்குறி அங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கும்.

விண்டோஸில் ஒரு அக்கவுண்ட் உண்டாக்கும்போது அதே பெயரில் சி டிரைவில் யூசர்ஸ் என்பதற்குள் ஒரு ஃபோல்டர் உண்டாகும். உங்களுக்கு அந்த ஃபோல்டரின் பெயர் "அப்பா". நமக்கு அது மூன்று எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஐந்து: அ, ப, ஒரு புள்ளி, மறுபடி ப, ஒரு கால். உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் தமிழ் இப்படித்தான் இருக்கிறது, "ப்" என்பதற்குத் தனி எண் இல்லை, பகரத்துக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண், இரண்டையும் ஒட்டித் திரையில் காட்டுகிறது. உங்கள் பெட்டியில் கேள்விக்குறி ஐந்து என்று படித்ததுமே மூன்றெழுத்துத் தமிழ்ப் பெயராக இருக்கும் என்று தோன்றியது, அப்பா என்று நினைக்கவில்லை, முத்து என்று நினைத்தேன். (ம, உகரக் குறி, த, புள்ளி, த, உகரக் குறி, எண்ணினால் ஆறு வருகிறது, ஆக என் ஊகம் தப்பு.)

சரி, ஏன் கேள்விக்குறி ஆகிறது? பெரும்பாலான இன்ஸ்டாலர் முதல் வேலையாகத் தன் மூட்டையை டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போடும். டெம்ப் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் இருக்கிறது. டெம்ப் எங்கே என்று விண்டோஸிடம் கேட்க இரண்டு வாசல் உண்டு. ஒன்று யூனிகோட் வாசல், அதில் கேட்டால் "அப்பா" அப்படியே வரும். இன்னொன்று விண்டோஸ் 95, 98 காலத்து வாசல், நம் ஊர் மெஷின்களில் அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு பைட், மொத்தமே 256 இடம். அந்த 256 இடத்தில் யார் யார் உட்காரலாம் என்று சொல்லும் பட்டியலுக்குத்தான் கோட் பேஜ் என்று பெயர். நம் ஊர் மெஷின்களில் வழக்கமாக இருப்பது 1252, மேற்கு ஐரோப்பாக்காரர்களின் பட்டியல். அதில் அகரம் எங்கே இருக்கப் போகிறது? பட்டியலில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பிவிடும். ஃபைல் பெயரிலும் ஃபோல்டர் பெயரிலும் வரவே கூடாத குறிகளில் கேள்விக்குறியும் ஒன்று. உங்கள் 2007 செட்டப் அதை நம்பிப் போய், அப்படி ஒரு ஃபோல்டரைக் கேட்க, "இது என்ன பெயர்?" என்று விண்டோஸ் திருப்பி அனுப்புகிறது. 123க்கு அர்த்தம் அவ்வளவுதான். பென்டிரைவ் பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

இதில் எனக்குத் தனிப்பட்ட எரிச்சல் ஒன்று உண்டு. ஜப்பானியருக்கு 932, எளிய சீனத்துக்கு 936, தாய்லாந்துக்கு 874 என்று அவரவர் மொழிக்கு ஒரு கோட் பேஜ் இருக்கிறது, அந்த ஊர் விண்டோஸில் அந்த ஊர் எழுத்தில் பெயர் வைத்தால் பழைய புரோகிராம்கூடப் பெரும்பாலும் தப்பித்துவிடும். தமிழும் இந்தியும் விண்டோஸ் 2000 இல்தான் உள்ளே வந்தன, வரும்போதே நேராக யூனிகோட். பழைய வாசலில் நமக்கு நாற்காலியே போடவில்லை.

பிரவுசரும் லிப்ரேஆபீஸும் ஏன் சண்டை போடவில்லை என்றால் அவை யூனிகோட் வாசலில் போகிறவை. இன்ஸ்டாலர் தயாரிக்கும் கருவிகளே இதில் மெதுவாகத்தான் மாறின, என்எஸ்ஐஎஸ் 2016 இல் வந்த 3ஆம் பதிப்பில்தான் யூனிகோடுக்கு வந்தது, இன்னோ செட்டப் 2019 இல் 6ஆம் பதிப்பு வந்தபோதுதான் பழைய வகையை முழுக்க விட்டது. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டியும் பலன் இல்லாததற்குக் காரணம், அப்போதும் ஆள் நீங்களேதான், அதே ஃபோல்டர், அதே டெம்ப். டி டிரைவில் போட்டாலும் மூட்டை பிரிவது டெம்ப்பில்தான். எக்ஸ்பி டெஸ்க்டாப்பில் அக்கவுண்ட் பெயர் ஆங்கிலத்தில் ஏதாவது இருந்திருக்கும், அட்மின் என்றோ என்னவோ.

இப்போது செய்ய வேண்டியது. சி டிரைவில் வெளியிலேயே டெம்ப் என்று ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். ஸ்டார்ட்டில் என்விரான்மென்ட் என்று தட்டினால் உங்கள் அக்கவுண்டுக்கான என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் என்று ஒன்று வரும், அதைத் திறந்தால் மேல் பாதியில் டெம்ப் என்றும், நடுவில் இருக்கும் ஆங்கில இ இல்லாமல் டிஎம்பி என்று மூன்றெழுத்தில் இன்னொன்றும் இருக்கும். இரண்டையும் எடிட் செய்து அந்தப் புதிய ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி இன்னொன்றை விட்டுவிடாதீர்கள், எது எதைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. சைன் அவுட் செய்து திரும்ப வந்து செட்டப்பை ஓட்டுங்கள்.

கன்ட்ரோல் பேனலில் போய் அக்கவுண்ட் பெயரை மாற்றினால் தீராதா என்று கேட்பீர்கள். தீராது, திரையில் தெரியும் பெயர் மாறும், ஃபோல்டர் பெயர் அப்படியே இருக்கும். ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல் லிஸ்ட்டுக்குப் போய் ஃபோல்டரையும் மாற்றச் சொல்லி யூடியூபில் ஆயிரம் பேர் சொல்வார்கள். ஒரு எழுத்து தப்பினால் அடுத்த தடவை வெறும் டெஸ்க்டாப்போடு திறக்கும், அது வேண்டாம்.

சனிக்கிழமை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இன்ஸ்டால் பிரச்சினைதான், ஆனால் 1618 என்று வருகிறது. நேற்று 1603 என்று வந்தது. இதுவும் பெயர் பிரச்சினைதானா?

ராத்திரி_ஷிப்ட்

இல்லை. 1618 என்றால் வேறொரு இன்ஸ்டால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விடும், பஸ்ஸில் கண்டக்டர் மாதிரி. பின்னால் அப்டேட் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். பத்து நிமிஷம் பொறுங்கள், இல்லையென்றால் ரீஸ்டார்ட்.

1603 என்பது ஒன்றுமே சொல்லாத எர்ரர். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்வது போல. அதற்கு லாக், அதாவது இன்ஸ்டாலர் ஒவ்வொரு படியையும் எழுதிவைக்கும் குறிப்பு, எடுத்துப் பார்க்க வேண்டும், லாகில் "ரிட்டர்ன் வேல்யூ 3" என்று தேடி, அது வரும் இடத்துக்கு மேலே பத்து இருபது வரி படித்தால் உண்மையான காரணம் கிடைக்கும், கடைசி வரியைப் படித்துப் பயனில்லை. யாருக்காவது 2502, 2503 வந்தால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப்பின் பர்மிஷனைப் பாருங்கள். தனி இழை போட்டு எழுதுங்கள், இங்கே பெரியவர் கதை பாதியில் நிற்கிறது.

பழைய_பஞ்சாங்கம்

எழுத்துரு தம்பி, இன்ஸ்டால் ஆகிவிட்டது! நீலப் பட்டை கடைசி வரைக்கும் ஓடி ஃபினிஷ் என்று வந்தபோது வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் "இதுக்கா மூணு நாளு" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. சாஃப்ட்வேர் திறக்கிறது, பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் கொடுத்தால் கட்டம் சரியாக வருகிறது, என் ஜாதகத்தையே போட்டுப் பார்த்தேன், லக்னம் முதல் தசா இருப்பு வரை பழைய பிரின்டோடு ஒத்துப்போகிறது. சேவ் கொடுத்தால்தான் "ரன்டைம் எர்ரர் 52, பேட் ஃபைல் நேம் ஆர் நம்பர்" என்று சொல்லிவிட்டு மொத்தமாக மூடிக்கொள்கிறது.

இது வேறு கோளாறா, அதே கோளாறா?

கீழவாசல்

அதே கோளாறுதான், சேவ் செய்ய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குப் போகும், அதுவும் "அப்பா"வுக்குள்தான் இருக்கிறது. எதற்கு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு? ஒரே டிக்கில் தீர்த்துவிடலாம். கன்ட்ரோல் பேனல், ரீஜன், அட்மினிஸ்ட்ரேட்டிவ், சேஞ்ச் சிஸ்டம் லோக்கேல். அதில் பீட்டா என்று போட்டு யூடிஎஃப் 8 (யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறை) என்று ஒரு கட்டம் இருக்கும், டிக் செய்து ரீஸ்டார்ட். எழுத்துரு சொன்ன பழைய வாசலிலும் தமிழ் போக ஆரம்பித்துவிடும். விண்டோஸ் 10 இல் 1803 பதிப்பில் இருந்தே இருக்கிறது, யாரும் சொல்வதில்லை.

வடமராட்சியான்

பொறுங்கோ ஐயா, அதைத் தொட முதல் இதை வாசியுங்கோ.

நான் யாழ்ப்பாணத்தில் அச்சக வேலை செய்கிறவன். கீழவாசல் சொன்ன அந்தக் கட்டத்தை இரண்டு வருடத்துக்கு முன் நானும் டிக் பண்ணினேன், உங்களுடையதைப் போல ஒரு பிழைக்காகத்தான். பிழை போய்விட்டது. அடுத்த நாள் எங்களிடம் இருந்த பழைய கல்யாண அட்டை வடிவமைக்கிற புரோகிராமைத் திறந்தால், தமிழ் இருந்த இடமெல்லாம் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. வாடிக்கையாளர் முன்னால் இருந்துகொண்டு பார்க்கிறார், மாப்பிள்ளை பெயரும் இல்லை பெண் பெயரும் இல்லை.

காரணம் இதுதான். யூனிகோடுக்கு முந்திய தமிழ்ப் புரோகிராம்கள் திஸ்கி, டாப், டாம் மாதிரி ஏதோவொரு குறிமுறையில் எழுதின. அவை அந்த 256 இடத்தின் மேற்பாதியில், ஐரோப்பியர் தங்கள் புள்ளி வைத்த எழுத்துகளை வைத்த இடத்தில், ககரத்தையும் மகரத்தையும் கொண்டுபோய் ஒளித்துவைத்தவை. ஃபான்ட் மட்டும்தான் தமிழைக் காட்டும், உள்ளே கணினிக்குத் தெரிவது 1252 இன் ஏதோ ஒரு எழுத்து. அந்த டிக்கைப் போட்டால் கணினி எல்லா பைட்டையும் யூடிஎஃப் 8 என்று வாசிக்கப் பார்க்கும், மேற்பாதி பைட் தனியே வந்தால் அது செல்லாத பைட், தூக்கி எறிந்துவிட்டு வைரத்தைப் போடும். பாமினி ஃபான்ட் பெரும்பாலும் ஆங்கில விசைகளின் இடத்திலேயே இருக்கிறபடியால் ஓரளவு தப்பும், அதிலும் மேற்பாதியில் இருக்கிற சில எழுத்துகள் போய்விடும்.

2007 ஆம் ஆண்டு ஜாதகப் புரோகிராம் என்றால் உள்ளே இருக்கிற தமிழ் அநேகமாக இப்படி ஒரு தமிழ்தான்.

பழைய_பஞ்சாங்கம்

வடமராட்சி ஐயா, நீங்கள் அரை மணி நேரம் முன்னால் எழுதியிருக்கலாம். கீழவாசல் எழுதியதைப் பார்த்ததும் டிக் செய்து ரீஸ்டார்ட்டும் போட்டுவிட்டேன்.

நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. சேவ் ஆகிறது. ஆனால் ராசிக் கட்டத்தில் பன்னிரண்டு கட்டத்திலும் கிரகம் ஒன்றுகூட இல்லை, வைரம்தான் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு எட்டாம் இடத்தில் மூன்று வைரம். இப்படி ஒரு ஜாதகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்தேன், கிரகங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன, எர்ரர் 52உம் கூடவே வந்துவிட்டது.

கீழவாசல்

மன்னித்துக்கொள்ளுங்கள் சார். புது சாஃப்ட்வேர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது நன்றாக வேலை செய்யும், பழைய ஃபான்ட் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

எழுத்துரு

வடமராட்சியான் சொன்னது சரி, அந்த டிக் வேண்டாம். கீழவாசல் சொன்னதிலும் பாதி சரி, டெம்ப்பை மட்டும் திருப்பிவிட்டால் இன்ஸ்டால் முடியும், அப்புறம் புரோகிராம் ஒவ்வொரு தடவை யூசர் ஃபோல்டரைத் தேடும்போதும் முட்டும். நேற்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும், டெம்ப்போடு போய்விடும் என்று நினைத்துவிட்டேன்.

ஆக, ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து இன்னொரு அக்கவுண்ட் உண்டாக்குவதுதான் நிலையான வழி. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ், வேறொருவரைச் சேர். மின்னஞ்சல் கேட்கும், இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்பதை அழுத்துங்கள், அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர் என்று இருக்கும். பெயர் ஆங்கிலத்தில், சின்னதாக, நடுவில் இடைவெளி விடாமல். உண்டாக்கியதும் அக்கவுண்ட் டைப்பை அட்மினிஸ்ட்ரேட்டர் என்று மாற்றிவிடுங்கள். பழைய அக்கவுண்டில் ஜாதக சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, புதியதில் நுழைந்து செட்டப்பை ஓட்டுங்கள். புதிய அக்கவுண்டில் டெம்ப்பை எல்லாம் மாற்ற வேண்டியதில்லை.

பழைய அக்கவுண்டை உடனே நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் அதன் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள் எல்லாம் சேர்ந்து போகும். ஒரு வாரம் புதியதிலேயே வேலை செய்து, தேவையான ஃபைல் எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு அப்புறம் நீக்கலாம்.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்கும். ஃபோல்டர் ஆங்கிலத்தில் ஒரு தடவை உண்டாகிவிட்டால் அப்புறம் திரையில் தெரியும் பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் மாறாது என்று சொன்னேன் அல்லவா, இந்த தடவை அது நமக்குச் சாதகம். பழைய அக்கவுண்டை நீக்கிய பிறகு கன்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுண்ட்ஸுக்குப் போய்ப் புதியதன் பெயரை "அப்பா" என்று மாற்றிக்கொள்ளுங்கள். லாகின் திரையில் அப்பா, உள்ளே ஃபோல்டர் ஆங்கிலம், எந்தப் புரோகிராமுக்கும் தெரியாது.

படிக்கும் மற்றவர்களுக்கு: மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு விண்டோஸ் போட்டவர்களுக்கு ஃபோல்டர் பெயர் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தாக இருக்கும், அவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. லோக்கல் அக்கவுண்டில் ஆசையாகத் தமிழில் பெயர் வைப்பவர்களுக்குத்தான் வருகிறது.

பழைய_பஞ்சாங்கம்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், கதை முடிந்துவிட்டதா என்று யாரும் தேடியிருந்தால் மன்னிக்கவும், நடுவில் ஒரு கல்யாணம்.

புதிய அக்கவுண்ட் உண்டாக்கி, அதில் செட்டப் ஓட்டி, சேவ், பிரின்ட் எல்லாம் பார்த்தாயிற்று, ஒரு எர்ரரும் இல்லை. பையனுக்கு ஃபோனில் சொன்னேன், நான் வைத்த பெயராலா இவ்வளவும் என்று அவனுக்குச் சங்கடம். பழையதை நேற்று நீக்கிவிட்டு, எழுத்துரு தம்பி சொன்னபடி பெயரை மாற்றினேன். திறந்தால் அப்பா என்றுதான் வருகிறது.

பழைய ஹார்ட் டிஸ்கை ஒரு யூஎஸ்பி பெட்டியில் போட்டு அந்த 400 ஜாதகத்தையும் டி டிரைவில் காப்பி செய்தேன். சாஃப்ட்வேரில் ஓப்பன் கொடுத்து டி டிரைவுக்குப் போனால் என் ஃபோல்டரைக் காணோம். அதற்குப் பதில் வெறும் கேள்விக்குறியாக ஒரு ஃபோல்டர் இருந்தது, தொட்டால் பழையபடி 52. ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கிவிட்டது, இங்கே வந்து எழுதலாம் என்று பாதி தட்டியும்விட்டேன். அப்புறம் அந்தக் கேள்விக்குறிகளை எண்ணினேன். ஆறு. ஜ, கால், த, க, ம, புள்ளி.

"ஜாதகம்" என்று நான்தான் அந்த ஃபோல்டருக்குப் பெயர் வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் மாற்றினேன், திறந்துகொண்டது.